வெள்ளக்கல் தோட்டத்து விளையாட்டுக் கருவி ஒப்பீட்டுக் குழு

பூரணி தன் வாழ்நாளில் எந்தப் பதவிக்கும் ஆசைப்பட்டவள் இல்லை. அவள் ஆசைப்பட்டதெல்லாம் மகளின் வலது கை விரல்கள் மடங்க வேண்டும் என்ற ஒன்றுக்குத்தான். ஆனால் கேட்டதைக் கொடுப்பதைவிடக் கேட்ட ஆளைத் தூக்கி ஒரு குழுவில் போட்டுவிடுவது நம் ஊரில் சுலபமான காரியம். அப்படித்தான், ஹட்டனில் பஸ் ஏறினால் கடைசித் தரிப்பாக வரும் வெள்ளக்கல் தோட்டத்தில், கொழுந்து பறிக்கும் பூரணி 'சிறுவர் கையடக்க விளையாட்டுக் கருவி ஒப்பீட்டுக் குழு'வின் பெற்றோர் பிரதிநிதி ஆனாள்.

மகள் கிருஷாந்திக்கு ஒன்பது வயது. தீபாவளிக்கு முன்னால் அடைமழையில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது லயத்து வீட்டுப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். எலும்பு நல்லபடியாகக் கூடிவிட்டது. கட்டை அவிழ்த்துப் பார்த்தால் விரல்கள் மட்டும் விறைத்துப்போய் நின்றன. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் சுதர்ஷினி மிஸ் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். பிள்ளை ஒரு தடவை அமுக்கியது, வீறிட்டு அழுதது, பந்தைக் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டது. பூரணி கெஞ்சினாள், மிரட்டினாள், முதுகில் ஒன்று வைத்தாள், பிறகு தானும் உட்கார்ந்து அழுதாள். விரல்கள் அசையவில்லை.

"பயிற்சின்னு சொன்னா எந்தப் பிள்ளையும் செய்யாதம்மா" என்றார் சுதர்ஷினி மிஸ். "கையில புடிச்சி விளையாடுற கேம் மெஷின் இருக்குல்ல, ரெண்டு பக்கமும் பட்டன் வச்சது? அது ஒண்ணு கெடைச்சா நல்லது. விளையாட்டு மும்முரத்துல வலி மறந்துரும்."

"ஃபோன்ல விளையாடுதுங்களே மிஸ்?"

"ஃபோன் வேணாம். அதத் தடவுனா போதும். இது அமுக்கணும். அமுக்க அமுக்கத்தான் விரல் எளகும். ரெண்டு கையாலயும் புடிக்கிற சாமானா இருக்கணும், இல்லன்னா இடது கையாலயே சமாளிச்சிருவா. பொங்கல் கழிச்சி வர்ற கிளினிக்கில பாக்குறேன். அதுக்குள்ள எளகலன்னா கண்டிக்கு அனுப்பி ஆப்பரேஷன்தான் பண்ணணும்."

கணவன் அழகுமுத்து கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. ஃபோனில் சொன்னபோது, "அந்த மெஷினெல்லாம் நம்ம கைக்கு எட்டுற சாமானா?" என்றான்.

ஆனால் பாருங்கள், அதிர்ஷ்டம் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அதே கிழமை தோட்டத்துக்கு அந்தச் சாமானே வந்து இறங்கியது. ஒன்றல்ல, மூன்று. ஹட்டனில் பெரிய புடவைக்கடை வைத்திருக்கும் ஜனார்த்தனன் முதலாளி ஒரு அறக்கட்டளைக்குத் தலைவர். வெளிநாட்டிலிருந்து யாரோ நல்ல மனிதர்கள் தோட்டப் பிள்ளைகளுக்குக் கேம் மெஷின் வாங்கிக் கொடுக்க முன்வந்தார்கள். எந்த வகை நல்லது என்று பார்த்துச் சொல்லுங்கள், அதிலேயே ஒரு பெட்டி நிறைய அனுப்புகிறோம் என்று மூன்று மாதிரிகளை அனுப்பியிருந்தார்கள். சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, சாம்பல் நிறத்தில் ஒன்று. மூன்றும் தோட்டத்து நலன்புரி அதிகாரி கஜேந்திரனின் அலுமாரியில் பூட்டப்பட்டன.

பூரணி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே ஆபிசுக்கு ஓடினாள். விஷயத்தைச் சொன்னாள். "வீட்டுக்கு வேணாங்கய்யா. இங்கனயே உக்காந்து அரை மணித்தியாலம் விளையாடட்டும். நான் பக்கத்துலயே நிப்பேன்."

கஜேந்திரன் கெட்ட மனிதர் இல்லை. அவள் சொன்னதை முழுவதும் கேட்டு, உச்சுக்கொட்டி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அம்மா, இந்தச் சாமான் இப்ப ஒப்பீட்டுல இருக்கு. ஒப்பீடு முடிய முன்ன ஒரு பிள்ள தொட்டுச்சின்னா அது பாவிச்ச சாமானாயிரும். பாவிச்ச சாமான எப்படி ஒப்பிடுறது?"

"எதுக்குங்க ஒப்பிடணும்? மூணும் விளையாட்டுச் சாமான்தானேங்க?"

"இதத்தான் குழு கண்டுபிடிக்கப்போகுது" என்றார் அவர். பிறகு முகம் மலர்ந்து, "உங்களுக்கு இதுல இவ்வளவு அக்கறை இருக்கே! பெற்றோர் பிரதிநிதி இல்லாம நான் முழிச்சிக்கிட்டு இருந்தேன்" என்று அவள் பெயரை எழுதிக்கொண்டார். மெஷின் கேட்டு வந்தவள் பதவியோடு திரும்பிப் போனாள்.

முதல் கூட்டம் வாசிகசாலையில் நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். மூன்று கருவிகளையும் சிவப்புத் துணி விரித்த மேசையில் பெட்டியோடு வைத்துச் சந்தனம் தொட்டு வைத்தார்கள். கூட்டத்துக்கு வந்த பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தன. அவர்களை விரட்டுவதற்கென்று ஒரு காவல்காரர் போடப்பட்டிருந்தார். ஜனார்த்தனன் முதலாளி மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்.

"அன்பான தோட்ட மக்களே! நம்முடைய பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்தாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். அதுதான் நமக்குள்ள பெரிய சிக்கல். அவர்கள் எல்லாவற்றுக்கும் சந்தோஷப்பட்டால் எது சிறந்தது என்று நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆகவே ஒப்பீடு முடியும்வரை பிள்ளைகள் சந்தோஷப்பட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது இந்தக் குழுவின் தலையாய கடமை."

எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்திலிருந்தவர்கள் தட்டியதால் பூரணியும் தட்டினாள்.

பெட்டியைத் திறக்கும்போதுதான் வில்லங்கம் ஆரம்பித்தது. வெள்ளக்கல்லில் தொழிற்சங்கம் இரண்டு. ஒன்றுக்குத் தங்கவேலு தலைவர், கொடி சிவப்பு. மற்றதற்குச் சின்னராசா தலைவர், கொடி நீலம். தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் போடுவதானாலும் கோயிலுக்கு வெள்ளையடிப்பதானாலும் இரண்டு சங்கத்துக்கும் சரிபாதி என்பது எழுதாத சட்டம். அப்படியிருக்க மேசையில் சிவப்புக் கருவி நடுவில் இருந்தது.

"சிவப்புதான் சிறந்த கருவி" என்று தங்கவேலு எழுந்து நின்றார். "பாத்தாலே தெரியுது."

"இன்னும் தொறக்கவே இல்லையே தலைவரே" என்றார் கஜேந்திரன்.

"தொறந்துதான் தெரியணுமா? எங்க ஆளுங்க நாப்பது வருஷமா அந்த நெறத்துக்குப் பின்னால நிக்கிறாங்க."

"நீலந்தான் தொழிலாளியோட கருவி" என்று சின்னராசா மேசையைத் தட்டினார். "சிவப்பு வந்துச்சின்னா எங்க லயத்துப் புள்ளைக ஒண்ணுகூட தொடாது. நான் தொட விடமாட்டேன்!"

சாம்பல் நிறத்துக்கு ஆள் இல்லை. அது நடுநிலையானது என்று கஜேந்திரன் சொன்னதும், அப்படியானால் அது தோட்டத்துத் துரை பக்கம் என்று இரண்டு தலைவர்களும் முதல் தடவையாக ஒரே குரலில் சொன்னார்கள். அன்று மாலைக்குள் தோட்டத்தில் மேற்பிரிவு பிள்ளைகள் சிவப்பென்றும் கீழ்ப்பிரிவு பிள்ளைகள் நீலமென்றும் பிரிந்து கல்லெறிந்துகொண்டன. எந்தப் பிள்ளையும் எந்தக் கருவியையும் கண்ணால்கூடச் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

கூட்டம் கலையப்போகும் நேரத்தில் பூரணி மெல்ல எழுந்தாள். "ஐயா, இந்த மூணுல எதுல பட்டன் லேசா அமுங்கும்ங்க? கை வலிக்கிற புள்ளைக்கு..."

இப்படியொரு கேள்வி வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஜனார்த்தனன் முதலாளி அவளைப் பார்த்துப் பெருமையோடு தலையாட்டினார். "மிக அருமையான கேள்வி. இதற்கென்று ஒரு பட்டன் உபகுழு அமைப்போம்." அந்த உபகுழுவில் பூரணிக்கு இடம் கிடைக்கவில்லை. கேள்வி கேட்டவரே பதில் தேடினால் அது பக்கச்சார்பு ஆகிவிடுமாம்.

அடுத்த கிழமை நிறை பார்த்தார்கள். பிள்ளையின் கைக்குப் பாரம் தாங்குமா என்று பார்ப்பது நியாயமான காரியம்தான், அதில் பூரணிக்கும் குறை இல்லை. ஆனால் வெள்ளக்கல்லில் நிறுக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், அது கொழுந்து மடுவம். நிறுக்கிற ஆளும் ஒருவர்தான், அவர் கணக்கப்பிள்ளை. நிறுக்கிற முறையும் ஒன்றுதான்: சாமானைச் சாக்கில் போட்டுக் கொக்கியில் மாட்ட வேண்டும், வருகிற நிறையில் சாக்குக்கும் ஈரத்துக்குமாக இரண்டு கிலோ கழிக்க வேண்டும். கணக்கப்பிள்ளை தம் சர்வீஸில் எதையும் கழிக்காமல் நிறுத்ததே இல்லை.

சிவப்புக் கருவி சாக்கில் ஏறியது. கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார், கழித்தார், மறுபடியும் பார்த்தார். "ஒண்ணுமில்லாததுக்குங் கீழ ஒரு கிலோ" என்று உரக்கச் சொன்னார். நீலமும் அப்படியே. சாம்பலும் அப்படியே. நிறை குறைந்தால் தோட்டத்தில் முழு நாள் பேர் விழாது, அரைச் சம்பளந்தான். அதன் பெயர் அரைப்பேர். மூன்று கருவிகளுக்கும் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டார்.

தங்கவேலு தலைவர் கொதித்துப்போனார். "வெயிலடிக்கிற நாள்ல ஈரத்துக்குக் கழிக்கிறது என்னாங்க நியாயம்? அநியாயமால்ல இருக்கு! உழைப்புச் சுரண்டல்!"

சின்னராசா தலைவரும் சேர்ந்துகொண்டார். இரண்டு சங்கமும் கைகோத்து மடுவத்தின் முன்னால் குந்திவிட்டன. துரை வந்தார். பேச்சுவார்த்தை நடந்தது. மாலைக்குள் வரலாற்று வெற்றி கிடைத்தது: விளையாட்டுக் கருவிகளுக்கு இனிமேல் ஈரக் கழிவு கிடையாது. பட்டாசு போட்டார்கள். கூடை நிறையக் கொழுந்தோடு அவ்வளவு நேரமும் வரிசையில் நின்ற பெண்கள் பின்னால் வந்து நிறுத்தார்கள். அவர்களுக்கு வழக்கம்போல இரண்டு கிலோ கழிந்தது. பூரணி தங்கவேலு தலைவரைப் பார்த்தாள். தலைவர் பட்டாசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மழைச் சோதனை. வெள்ளக்கல்லில் மழைக்குப் பஞ்சமில்லை, ஆனால் தரமான மழை கினிகத்தேனையில்தான் பெய்யும் என்று முதலாளி சொன்னதால் வேன் பிடித்துக் குழு கினிகத்தேனைக்குப் போனது. பெற்றோர் பிரதிநிதி இல்லாமல் சோதனை செல்லாது என்று பூரணியையும் ஏற்றிக்கொண்டார்கள். கொழுந்து பறிக்க மலைக்குப் போகாததால் அவளுக்கு அன்றைய பேர் இல்லை. ரோட்டோரம் ஒரு சாப்பாட்டுக்கடையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மழையும் மரியாதையாக வந்து கொட்டியது. அப்போதுதான் கஜேந்திரனுக்கு ஒரு சந்தேகம் வந்தது: கருவியை மழையில் வைத்தால் நனைந்துவிடுமே?

குழு யோசித்தது. கடைசியில் கருவியை வைக்க வேண்டிய இடத்தில் பூரணியை நிறுத்தினார்கள். இரண்டு கைகளையும் கருவி பிடிப்பது போல நீட்டிக்கொண்டு அவள் முற்றத்தில் நின்றாள். ஜன்னலுக்கு உள்ளேயிருந்து கஜேந்திரன் கத்தினார். "நனையுதாம்மா?"

"நனையுதுங்க!"

"நல்லா நனையுதா, லேசா நனையுதா?"

"நல்லா நனையுதுங்கய்யா!"

'மூன்று கருவிகளும் மழை தாங்கும் திறனில் பின்தங்கியுள்ளன' என்று எழுதிக்கொண்டார்கள். வெயில் சோதனைக்கு வலப்பனை போனபோது பூரணி காய்ச்சலில் படுத்திருந்தாள். பிரதிநிதி வராததால் அந்தச் சோதனை செல்லாமல் போய், இன்னொரு தடவை வலப்பனை போய் வந்தார்கள்.

இதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. பூரணி பந்தைத் தேடி எடுத்து மறுபடியும் மகள் கையில் வைத்தாள். "ஒரே ஒரு தடவடி, அம்மாவுக்காக." கிருஷாந்தி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, கை திறந்தபடியே இருந்தது. "வலிக்குதும்மா. அந்த மெஷின் எப்பம்மா தருவாங்க?" என்று கேட்டாள். "பாத்துக்கிட்டிருக்காங்க" என்றாள் பூரணி. எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்கே தெரியாது. எரிச்சலில் அடுப்புக்குள் விறகை அப்படித் திணித்தாள் பாருங்கள், லயத்து அறை, அந்த ஒற்றைக் காம்பரா முழுக்கப் புகைந்தது.

அடுத்து வந்தது பேட்டரிச் சோதனை. எந்தக் கருவி அதிக நேரம் ஓடுகிறது என்பதை விளையாடித்தான் பார்க்க முடியும், விளையாடுவதைப் பிள்ளைகளிடம் கொடுக்க முடியாது. வேறு வழியில்லாமல் அந்தப் பாரத்தைப் பெரியவர்களே சுமந்தார்கள். சாம்பல் கருவியை முதலாளி ஹட்டனுக்குக் கொண்டுபோனார். சிவப்பும் நீலமும் கஜேந்திரனின் அறையில் ஓடின. பூரணி ஒவ்வொரு நாளும் மலையிலிருந்து இறங்கியதும் ஆபிஸ் வாசலில் போய் நிற்பாள். கதவு சாத்தியிருக்கும். உள்ளே டும் டும் என்றும் டிங் டிங் என்றும் சத்தம் கேட்கும். நடுவில் "அடிங்கய்யா, அடிங்க! வலது பக்கம்!" என்று ஒரு அதட்டல்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கதவைத் தள்ளினாள். சம்பளப் பிரச்சினையில் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டிருந்த தங்கவேலு தலைவரும் சின்னராசா தலைவரும் ஒரே வாங்குப் பலகையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். சங்கத்து ஆட்கள் வெளியே, உள்ளே பேச்சுவார்த்தை நடப்பதாக நம்பிப் பொறுமையோடு காத்திருந்தார்கள்.

"ஐயா, புள்ளைக்குக் கிளினிக்கு நாள் கிட்ட வந்திருச்சிங்க" என்றாள் பூரணி.

"கொஞ்சம் இரும்மா" என்றார் தங்கவேலு, கண்ணைத் திருப்பாமல். "இப்ப விட்டா மறுபடியும் மொதல்ல இருந்து வரணும்."

அடுத்த கூட்டத்தில் ஜனார்த்தனன் முதலாளி கண்ணெல்லாம் சிவந்து வந்திருந்தார். "கிறிஸ்மஸ் வியாபாரத்தையும் விட்டுவிட்டு இந்த ஏழைப் பிள்ளைகளுக்காக ஊண் உறக்கம் இல்லாமல் பாடுபட்டிருக்கிறேன்" என்று தழுதழுத்தார். "கருவிக்குள் இருந்த ராட்சசனைக் கொன்ற அன்று என் மனைவி, இனியாவது சாப்பிட வாருங்கள் என்று அழுதாள். இன்னும் ஒரு கட்டம் இருக்கிறது என்றேன். சேவை என்று வந்துவிட்டால் குடும்பத்தைப் பார்க்க முடியுமா?"

அந்தக் கூட்டத்தில்தான் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கேள்வியைக் கஜேந்திரன் கூச்சத்தோடு வாசித்தார். பிள்ளைகள் விளையாடிப் பார்த்தார்களா என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். குழு திகைத்துப் போனது. அப்படியொரு கோணம் இருப்பது யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பிள்ளையாவது வேண்டும் என்றானது. சிவப்புச் சங்கத்துப் பிள்ளை என்றால் நீலம் ஒத்துக்கொள்ளாது, நீலம் என்றால் சிவப்பு ஒத்துக்கொள்ளாது. பூரணி இரண்டு சங்கத்துக்கும் சந்தா கட்டுகிறவள், யாரையும் பகைக்கக்கூடாது என்று. ஆகவே கிருஷாந்தி தெரிவானாள்.

பூரணிக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைக்குத் தலை சீவி இரட்டைப் பின்னல் போட்டு, வெள்ளைச் சீருடையைத் தேய்த்து உடுத்தி, போகிற வழியில் கோயிலில் விபூதி பூசி அழைத்துப் போனாள். வாசிகசாலையில் நடுநாயகமாகப் பிள்ளை உட்கார ஒரு கதிரை. கஜேந்திரன் கையில் விசில் இருந்தது. ஊதினால் தொடங்க வேண்டும், மறுபடி ஊதினால் நிறுத்த வேண்டும்.

கிருஷாந்தி சிவப்புக் கருவியை வாங்கினாள். இடது கை பிடித்துக்கொண்டது, வலது கை பக்கத்தில் வெறுமனே ஒட்டிக்கொண்டு நின்றது. திரையில் ஒரு குட்டிக் குரங்கு பள்ளத்தின் விளிம்பில் காத்திருந்தது. அது தாண்ட வேண்டுமானால் வலது பக்கத்துப் பட்டனை அமுக்க வேண்டும். பிள்ளை முகம் சுளித்து அமுக்கினாள். குரங்கு விழுந்தது. மறுபடி அமுக்கினாள், விழுந்தது. இன்னொரு தடவை, நாக்கைத் துருத்திக்கொண்டு, உடம்பையே சாய்த்து அமுக்கினாள். பெருவிரல் மடங்கியது. குரங்கு தாண்டியது. கிருஷாந்தி 'ஹே!' என்று சிரித்தாள். கை உடைந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பைப் பூரணி கேட்டதில்லை.

கஜேந்திரன் விசிலை ஊதினார். கருவியை வாங்கி மேசையில் வைத்தார்கள். நீலமும் சாம்பலும் அப்படியே கையில் வந்து அப்படியே போயின. பிறகு குழு, பூரணியைப் பிள்ளையோடு விட்டுவிட்டு உள்ளே போய்க் கலந்து பேசிவிட்டு வந்தது. முதலாளி எழுந்தார்.

"சிவப்புக் கருவியில் தங்கவேலு தலைவர் நாற்பத்தோராயிரம் புள்ளி எடுத்திருக்கிறார். நீலத்தில் சின்னராசா தலைவர் அதைவிடச் சற்றுக் கூட. சாம்பலைப் பற்றி நானே சொன்னால் தற்பெருமை ஆகிவிடும். இந்தப் பிள்ளை மூன்றிலுமாக எடுத்தது முப்பது புள்ளி. இதிலிருந்து தெளிவாகத் தெரிவது என்னவென்றால், கருவிகள் மூன்றுமே மிகச் சிறந்தவை. குறை பிள்ளையிடம்தான் இருக்கிறது." ஒரு மிடறு சோடா குடித்தார். "இந்தக் கருவிகளுக்குத் தகுதியான பிள்ளைகள் உருவாகும்வரை அவற்றைக் குழு உறுப்பினர்களே பொறுப்பில் வைத்துப் பாதுகாப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறோம்."

"புள்ளைக்கு அரைப்பேர்" என்றார் பின்வரிசையிலிருந்து கணக்கப்பிள்ளை.

பூரணி எழுந்தாள். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. "என்னாங்கய்யா பேசுறீங்க? வெரலு மடங்கலன்னுதானே நான் மொத நாளே வந்து கேட்டேன்? மடங்காத வெரல வச்சிக்கிட்டு எப்படிங்க புள்ளி எடுக்கும்? இந்தா, இப்பத்தான் மடங்கிச்சி, எல்லாரும் பாத்தீங்கல்ல? அதுக்குள்ள புடுங்கிட்டீங்களே!"

"உணர்ச்சிவசப்படக்கூடாதும்மா" என்றார் கஜேந்திரன். "நீங்க குழு உறுப்பினர். இந்தத் தீர்மானத்துல நீங்களும் அடக்கம்."

"அப்ப நான் இந்தக் குழுவே வேணாங்க. இப்பவே போறேன்."

"ஒரு உறுப்பினர் வெலகுறத ஏத்துக்க எல்லாரும் இருக்கணும். நீங்க போயிட்டா எல்லாரும் இருக்க மாட்டாங்களே."

பூரணி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள். முதலாளியைத் திட்டினாள், தலைவர்களைத் திட்டினாள், வழியில் படுத்திருந்த நாயைக்கூட விடவில்லை.

பொங்கலுக்கு அடுத்த நாள் கையளிப்பு விழா வைத்தார்கள். கையளிக்கவில்லை என்றால் வெளிநாட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? மூன்று பிள்ளைகளை நிறுத்தி ஆளுக்கொரு பெட்டி கொடுத்துப் படம் எடுத்தார்கள். சிவப்புப் படம் போட்ட பெட்டி கிருஷாந்திக்கு. பிள்ளை அதை மார்போடு அணைத்துக்கொண்டு லயத்துக்கு ஓடியது. பூரணி பின்னால் ஓடினாள். ஒருவேளை மனம் இரங்கிவிட்டார்களோ என்றுகூட நினைத்தாள்.

காம்பராவில் கட்டிலில் வைத்துத் திறந்தார்கள். உள்ளே ஒரு ஸ்பொஞ்ச் மட்டும் இருந்தது. நல்ல தடித்த சாம்பல் நிற ஸ்பொஞ்ச், நடுவில் கருவி படுத்திருந்த அளவுக்கு ஒரு பள்ளம். கருவி எங்கே இருக்கிறது என்பது தோட்டத்துக்கே தெரிந்த விஷயம். தங்கவேலு தலைவர் வீட்டில் டிங் டிங் என்று சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கிருஷாந்தி அழவில்லை, அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பூரணி வாசலுக்கு வந்து, ஹட்டன் வரைக்கும் கேட்கட்டும் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தித் தீர்த்தாள்.

மறுநாள் அவள் மலையிலிருந்து வந்தபோது பிள்ளை கட்டிலில் சம்மணமிட்டிருந்தாள். பெட்டியிலிருந்து உருவிய ஸ்பொஞ்சை இரண்டு கையாலும் பிடித்து, பட்டன் இருந்திருக்க வேண்டிய இடத்தில் பெருவிரலை அழுத்தி, வாயாலேயே டிங் டிங் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். கண் சுவரில் இருந்தது. குரங்கு அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது போலிருக்கிறது.

"பேசாதம்மா, விழுந்துரும்" என்றாள்.

பூரணி சத்தம் வராமல் கூடையை இறக்கி வைத்தாள். பிள்ளை அன்றைக்குச் சோற்றுக்குக் கூப்பிட்டும் வரவில்லை, அடுத்த நாளும் அப்படித்தான். நோகும்போது முகம் சுளிக்கும், ஆனால் குரங்கு பள்ளத்தில் நிற்கிறதே, விட முடியுமா? பெருவிரலோடு ஆள்காட்டி விரலும் சேர்ந்தது. பிறகு மற்றதும். ஸ்பொஞ்சில் விரல் தடம் விழுந்து ஓரங்கள் பிய்ந்துபோயின.

தள்ளிப்போன கிளினிக் மாசிக் கடைசியில் வந்தது. சுதர்ஷினி மிஸ் பிள்ளையின் கையை மடக்கிப் பார்த்தார், விரித்துப் பார்த்தார். "கண்டியெல்லாம் வேணாம்" என்றார். "நல்லா வருது. இன்னும் கொஞ்ச நாளைக்கு இதையே விடாம செய்யுங்க. எந்த மெஷின்மா வாங்குனீங்க?" பூரணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சொன்னாள். மிஸ் நம்பவில்லை.

செய்தி எப்படியோ வாசிகசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. குழு அவசரமாகக் கூடி, சிவப்புக் கருவி ஒரு பிள்ளையின் கையைக் குணமாக்கிவிட்டது என்று முடிவுக்கு வந்தது. நீலம் ஆட்சேபித்தது. கடைசியில் மூன்று கருவிகளும் சேர்ந்து குணமாக்கியதாகத் திருத்தி, நுவரெலியாவில் ஒரு கண்காட்சியில் வைப்பது என்று தீர்மானித்தார்கள். கண்காட்சிக்குக் கருவி பெட்டியோடு போக வேண்டும். பெட்டி பூரணி வீட்டில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கஜேந்திரனும் தங்கவேலு தலைவரும் லயத்துக்கு வந்தார்கள். பூரணி பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். கஜேந்திரன் திறந்து பார்த்தார். "உள்ள இருந்த ஸ்பொஞ்ச் எங்கம்மா? அது இல்லாம சாமான் ஆடும். அதுவும் அறக்கட்டளைச் சொத்துதான்."

அது வாசல்படியில் உட்கார்ந்திருந்த கிருஷாந்தியின் கையில் இருந்தது. கஜேந்திரன் குனிந்து, "குடும்மா, மாமாவுக்கு நேரமாச்சி" என்று ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்த பிடியை விடவில்லை. தலைவரும் ஒரு கை கொடுத்தார். பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லாம் வந்து சுற்றி நின்றார்கள். கஜேந்திரனுக்கு மூச்சு வாங்கியது.

"விடச் சொல்லும்மா" என்றார் பூரணியைப் பார்த்து. "கைய இப்புடி இறுக்கிப் புடிச்சிக்கிட்டு இருக்கே!"

பூரணி நகரவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு மகளின் விரல்களையே பார்த்தாள். வலது கை விரல்கள் ஐந்தும் ஸ்பொஞ்சுக்குள் புதைந்திருந்தன.

"இன்னும் நல்லா இழுங்கய்யா" என்றாள். "பொங்கல் வரைக்கும் ஒரு சீப்பக்கூட புடிக்காத கை அது. எவ்வளவு புடிக்குதுன்னு நானும் பாக்கணும்."